நொறுக்கன் வயிறும் ஊசிமணியின் துவரையும்

மருதங்குட்டைக் காட்டில் நொறுக்கன் என்றொரு கழுதைப்புலி இருந்தான். அவனுக்கு அங்கே ஒரு பெரிய பதவி. காட்டுக்குப் புதிதாக எந்தத் தீனி வந்தாலும் முதல் வாய் அவன்தான் வைக்க வேண்டும்.

தின்றுவிட்டுக் குட்டைக்கரை மருத மரத்தடியில் வந்து உட்காருவான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து அவன் முகத்தையே பார்ப்பார்கள். மரத்தின் நிழல் நகர்ந்து நகர்ந்து தண்ணீரைத் தொட்டதும் நொறுக்கன் எழுந்து ஓர் ஏப்பம் விடுவான். ஏப்பம் வந்துவிட்டால் அது நல்ல தீனி. அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

இந்த வேலைக்குக் கழுதைப்புலியை ஏன் வைத்தார்கள்? அதற்கும் காரணம் வைத்திருந்தார்கள். "நஞ்சா, நல்லதா என்று தெரியாததைத் தின்பது ஆபத்தான வேலை. அதற்குக் கெட்டியான வயிறு வேண்டும்" என்று அந்தக் காலத்திலேயே கூடி யோசித்திருந்தார்கள். எருமைத் தொடையெலும்பை முறுக்கு மாதிரி கடித்துத் தின்கிற குடும்பம் நொறுக்கனுடையது. அதைவிடக் கெட்டியான வயிறு எங்கே கிடைக்கும்? பதவி அவன் அப்பாவுக்கு வந்தது, பிறகு அவனுக்கும் வந்தது. எதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாத வயிற்றை வைத்து எதைக் கண்டுபிடிக்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம், நொறுக்கனுக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை காட்டுச் சாலையில் யாரோ விட்டுப்போன ரப்பர் செருப்பைத் தின்று ஏப்பம் விட்டான். "செருப்பு நல்ல தீனி!" என்று முடிவாயிற்று. இன்னொரு காலின் செருப்பைத் தின்ற கோரையன் என்ற காட்டுப்பன்றி, பல நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். "உன் வயிறுதான் சரியில்லை. செருப்பைக் குறை சொல்லாதே!" என்று அவனைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.

நொறுக்கன் நல்லவன். உயிரோடு இருப்பதைத் தொட மாட்டான். செத்துக் கிடப்பதைத்தான் தின்பான். ஆகவே எல்லோரும் அவனோடு நன்றாகவே பழகினார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது மட்டும் அவன் நலம் விசாரிக்க வருவதை யாரும் விரும்பவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புல் கருகியது. காட்டோரத்தில் விளைந்த துவரைதான் எல்லோருக்கும் மிச்சமிருந்த நம்பிக்கை. அதிலும் காய்ப்புழு விழுந்தது. காயை உடைத்தால் பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் புழு கொழுகொழுவென்று படுத்திருந்தது.

ஒரே ஒரு பாத்தித் துவரை மட்டும் ஒரு காய்கூடச் சொத்தையாகாமல் நின்றது. அது ஊசிமணி என்ற முள்ளம்பன்றியின் பாத்தி.

"எப்படியம்மா இது?" என்று கேட்டார் காட்டுத் தலைவர் தேனப்பன். தேனப்பன் ஒரு கரடி. பசியில் அவருடைய தொப்பை பாதியாகியிருந்தது.

"விதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நூல் ஒண்ணு இருக்குங்க, தலைவரே! செடியோட குணமெல்லாம் அதுலதான் இருக்கு. என் முள்ளு நுனியால அதைப் பிரிச்சேன். புழுவுக்குப் பிடிக்காத வேறொரு மரத்தோட நூல்ல ஒரு துண்டு எடுத்து, இதுல வெச்சுத் தெச்சுட்டேன். இப்ப புழு கிட்டயே வரமாட்டேங்குது!"

எந்த மரம் என்று சொல்ல ஊசிமணி வாயெடுத்தாள். அதற்குள் தோகைநாதன் என்ற மயில் கிளையிலிருந்து அலறினான்.

"ஆபத்து! ஆபத்து! முள்ளால தெச்ச பருப்பைத் தின்னா முதுகுல முள்ளு முளைக்கும்! நம்ம குஞ்செல்லாம் முள்ளோடதான் முட்டையிலேருந்து வெளியே வரும்!"

"அப்படி வந்ததை எங்கே பாத்தே?" என்றாள் ஊசிமணி.

"பாக்கணுமா என்ன? சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்குதே, அது போதாதா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. தேனப்பனுக்குப் பசியில் தலை சுற்றியது. "எதுக்குச் சண்டை? நம்ம வழக்கம் இருக்கவே இருக்கு. நொறுக்கனைக் கூப்பிடுங்க!" என்றார்.

நொறுக்கன் வந்தான். பருப்பைத் தின்றான், காயைத் தின்றான், செடியையும் தண்டோடு தின்றான். மருத மரத்தடியில் கம்பீரமாக உட்கார்ந்தான். நடுவில் குளிர்ந்த காற்று ஒன்று வீசியது. கழுதைப்புலிகளுக்கு இயல்பாகவே உள்ள முதுகுமயிர் அவனுக்குச் சிலிர்த்து நின்றது.

"முள்ளு! முள்ளு முளைச்சிருச்சு!" என்று தோகைநாதன் குதித்தான்.

"அது பொறந்ததிலேருந்து இருக்கிற மயிருடா!" என்றான் நொறுக்கன் கடுப்போடு.

நிழல் தண்ணீரைத் தொட்டது. நொறுக்கன் எழுந்து கரையே அதிரும்படி ஓர் ஏப்பம் விட்டான். கூட்டம் கைதட்டியது. ஊசிமணிக்குச் சந்தோஷத்தில் முட்களெல்லாம் கிலுகிலுத்தன. மறுநாள் காலை பசித்தவர்கள் எல்லோரும் துவரைப் பாத்தியில் இறங்கினார்கள்.

பொட்டு என்ற சருகுமானும் இறங்கினாள். சருகுமான் முயலளவே இருக்கும் மான். சருகு அசைந்தாலே ஓடி ஒளிந்துகொள்ளும். பொட்டு நாலு பருப்புகூடத் தின்றிருக்க மாட்டாள். உதடு தடித்தது. முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூச்சு விசில் அடிப்பதுபோல் வந்தது. அப்படியே ஒரு புதருக்குள் போய்ச் சாய்ந்துவிட்டாள்.

மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தோகைநாதனுக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

"சொன்னேனா இல்லையா! இன்னைக்குப் பொட்டு, நாளைக்கு நாமெல்லாம்! இன்னொரு விஷயம் யோசிச்சீங்களா? இது நல்ல தீனின்னு சொன்னது யாரு? நொறுக்கன்! நாம செத்தா யாருக்கு விருந்து? நொறுக்கனுக்கு!"

எல்லோரும் நொறுக்கனைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை காலம் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது.

"நானா? நானா அப்படிச் செய்வேன்?" என்றான் நொறுக்கன்.

தேனப்பன் தொண்டையைச் செருமினார். "நொறுக்கா, சாயங்காலம் கூட்டம் கூடும். அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லணும். சொல்ல முடியலேன்னா, நீ இந்தக் காட்டை விட்டுப் போயிட வேண்டியதுதான்."

நொறுக்கனுக்கு அவமானம் தாங்கவில்லை. தின்ற எலும்பெல்லாம் செரித்த அவன் வயிற்றில் அந்த ஒரு சொல் மட்டும் செரிக்காமல் கிடந்து குடைந்தது. நேராகப் பொட்டு படுத்திருந்த புதருக்குப் போனான்.

காலடிச் சத்தம் கேட்டதும் பொட்டு நடுங்கினாள். கண் திறக்க முடியாவிட்டாலும் வாடையிலேயே ஆள் தெரிந்துவிட்டது.

"நொறுக்கண்ணே! நான் இன்னும் சாகலை! மூச்சு இருக்கு! அப்புறமா வாங்க!"

"அடியே, நான் சாப்பிட வரலை, பாக்க வந்தேன்!" என்றான் நொறுக்கன். அழுகை வந்துவிட்டது அவனுக்கு.

கொஞ்ச நேரம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "தங்கச்சி, இதே வீக்கத்தோட உன்னை நான் முன்னாடியே பாத்திருக்கேனே?"

"போன மழைக்கு... நனையாம இருக்கச் சேராங்கொட்டை மரத்தடியில ஒதுங்கினேன். அன்னைக்கும் இப்படித்தான் வீங்கிச்சு. அன்னைக்கும் நீங்கதான் முதல்ல வந்து நின்னீங்க" என்றாள் பொட்டு.

நொறுக்கன் அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்காதவன்போல் இருந்துகொண்டான். சேராங்கொட்டை! அந்த மரத்தின் கிட்டே போனாலே சிலருக்கு உடம்பு தடிக்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. பொட்டு அந்த மரத்தைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போவாள் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் ஊசிமணியின் பொந்துக்கு ஓடினான்.

"அக்கா! துவரைக்குள்ள எந்த மரத்தோட நூலை வெச்சே?"

"சேராங்கொட்டை. அதைத்தான் எந்தப் புழுவும் தொடாதே" என்றாள் ஊசிமணி.

"அட அநியாயமே! இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த மயில் கத்தினான், நீ ஏப்பம் விட்டே, எல்லாரும் கைதட்டினாங்க. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே!" ஊசிமணி சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. முட்களெல்லாம் தொங்கிப்போயின. "ஐயோ, பொட்டு! என் கையாலயா?"

சாயங்காலம் கூட்டம் கூடியது. நொறுக்கன் நடுவில் வந்து நின்றான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"துவரைக்குள்ள இருக்கிறது சேராங்கொட்டையோட குணம். பொட்டுவுக்குச் சேராங்கொட்டை ஆகாது. அதான் வீங்கிச்சு. நான் பொய் சொல்லலை. ஆனா..." இங்கே நொறுக்கன் நிறுத்தினான். அடுத்து சொல்லவேண்டியதைச் சொன்னால் அப்பா காலத்துப் பதவி போய்விடும். சொல்லாவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். பழியை ஊசிமணி தலையில் கட்டிவிட்டால் போதும். கூட்டம் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. நொறுக்கன் ஊசிமணியைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான்.

"ஆனா என் ஏப்பத்துக்கு அர்த்தமே கிடையாது! நான் செருப்பைத் தின்னு ஏப்பம் விடுறவன். எனக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதால உங்களுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? துவரை தின்னப்போறது நானா? பொட்டுவும் முயலும் அணிலும்தானே! நீங்க ஊசிமணியைக் கேக்க வேண்டியதை என்னைக் கேட்டீங்க. நான் கேக்க வேண்டியதை யாரையும் கேக்கலை."

கோரையன் எழுந்தான். "சரி, அதுக்காக என்ன பண்ணணும்ங்கிறே? எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே! ஒரு சருகுமானுக்காக நாங்கெல்லாம் பட்டினி கிடக்கணுமா?"

"இந்தச் செடியோட விதை காடெல்லாம் விழுந்து முளைச்சா, எந்தப் பருப்பு எந்தத் துவரைன்னு பொட்டுவுக்கு எப்படித் தெரியும்? அது இருக்கட்டும். செருப்பு தின்னு நீ சுருண்டு கிடந்தப்போ, உன் வயிறுதான் சரியில்லைன்னு எல்லாரும் உன்னைத் திட்டினோமே, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

கோரையன் உட்கார்ந்துவிட்டான்.

"யாரும் சண்டை போட வேணாம்" என்றாள் ஊசிமணி. "நான் வெச்சதை நானே பிடுங்கறேன்." சொன்னபடி பாத்தியில் இறங்கி ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கினாள். பசித்தவர்கள் எதிரே சோற்றைப் பிடுங்கி எறிவது லேசான காரியமா? பிடுங்கி முடிக்கும்வரை அவள் நிமிரவே இல்லை.

"அப்படிப் போடு! இனிமே முள்ளால தெச்ச எதுவுமே இந்தக் காட்டுக்குள்ள வரக்கூடாது! எல்லாமே விஷம்!" என்று தோகைநாதன் தோகையை விரித்தான்.

நொறுக்கனுக்கு எரிச்சல் வந்தது. "கெட்டது தையலா, தெச்சு வெச்ச துண்டா? இந்தத் துவரையைப் பத்திக் கேட்டா இந்தத் துவரைக்குத்தான் பதில். அடுத்ததை அடுத்ததாத்தான் கேக்கணும். கேக்காம நல்லதுன்னு சொன்னது என் முட்டாள்தனம். கேக்காம கெட்டதுன்னு சொல்றது உன்னுது!"

அன்றோடு நொறுக்கனின் முதல் வாய்ப் பதவி போயிற்று. ஆனால் காட்டை விட்டு அவனை யாரும் போகச் சொல்லவில்லை. தேனப்பன் அவனுக்கு வேறொரு வேலை கொடுத்தார். "இனிமே நீ தின்ன வேணாம், கேளு" என்றார்.

கிழங்கும் இலந்தையும் தேடித் தின்று எப்படியோ அந்தக் கோடையைத் தள்ளினார்கள். பொட்டு பிழைத்து எழுந்தாள். மழை வந்ததும் ஊசிமணி மறுபடி விதையைத் தைத்தாள். அடுத்தடுத்து இரண்டு பாத்தி போட்டாள். ஒன்றில் தைக்காத பழைய துவரை, மற்றொன்றில் புதியது. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே மழை. பழையதில் புழு புகுந்து பாதியைத் தின்றது. புதியதன் காயில் புழுவால் காலூன்றவே முடியவில்லை.

நொறுக்கன் இரண்டு பாத்திக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இந்தத் தடவை உள்ளே என்ன?"

"காட்டுக்கொள்ளு. அதோட காய்மேல புழு காலூன்ற விடாத சுணை முடி இருக்கே, அதுக்கான நூலை மட்டும் எடுத்தேன்."

"கொள்ளு யாருக்காவது ஆகாதா? யோசிச்சுச் சொல்லுங்க! வெக்கப்படாதீங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். கொள்ளு தின்று யாருக்கும் உடம்பு தடித்ததில்லை. அதோடு அவன் விட்டுவிடவில்லை. பொட்டுவின் உதட்டில் முதலில் ஒரு பருப்பைத் தேய்க்கச் சொன்னான். தடிக்கவில்லை. அரைப் பருப்பு தின்றாள். ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, பிறகு ஒரு காய். அணில் கடித்துப் பார்த்து, "ருசி அதேதான், தோல்தான் கொஞ்சம் கெட்டி" என்றது.

"அதையும் எல்லாருக்கும் சொல்லிரு. பல்லு ஆடுறவங்க ஊறவெச்சுத் தின்னட்டும்!"

கடைசியில் தேனப்பன் முறை. துவரை தின்றால் தலைவருக்கு வாயுத் தொல்லை உண்டு. காடு முழுக்க அறிந்த விஷயம்தான், ஆனால் யாரும் வெளியே பேசுவதில்லை. நொறுக்கன் அவருக்கு ஒருநாள் வயிறு நிறையப் பழைய துவரையைக் கொடுத்தான். மறுநாள் அதே அளவு புதிய துவரையைக் கொடுத்தான். இரண்டு நாளும் பின்னாலேயே நடந்து காதைத் தீட்டிக் கேட்டான்.

"எதுக்குடா என் பின்னாடியே வர்றே?" என்று நெளிந்தார் தேனப்பன்.

"கோவிச்சுக்காதீங்க தலைவரே! நேத்தும் இதே சத்தம், இன்னைக்கும் இதே சத்தம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதுசு பழசு மாதிரியேதான் இருக்கு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தேனப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தானும் சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க!" என்றான் தோகைநாதன். "எந்தக் காலத்துலயும், யாருக்கும், ஒரு கெடுதலும் வராதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

"பண்ண மாட்டேன். பழைய துவரைக்கு யாராவது உனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாங்களா? தலைவர் வயித்தைக் கேளு! நான் சொல்றது ஒண்ணுதான். நாம காலங்காலமா தின்னதைவிட இதுல கெடுதல் கூடினதா, தேடின வரைக்கும் தெரியலை. தின்னுக்கிட்டே பாத்துக்கிட்டும் இருப்போம். யாருக்காவது சின்னதா அரிச்சாலும் எங்கிட்ட சொல்லுங்க, மறுபடி கேக்கறேன்."

தோகைநாதன் கிளையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் புதுத்துவரைப் பக்கமாக நடந்தான்.

அந்த அறுவடையில் காடு வயிறாரத் தின்றது. பசியில் யாரும் விழவில்லை, நோயில் யாரும் சாகவில்லை. இதில் ஒரே ஒருவனுக்குத்தான் கஷ்டம். செத்தது கிடைத்தால்தானே நொறுக்கனுக்குச் சோறு? விலா எலும்பு தெரிய மெலிந்துபோய் மரத்தடியில் படுத்துக் கிடந்தான்.

ஒருநாள் பொட்டு அந்தப் பக்கமாக வந்தாள். "என்ன நொறுக்கண்ணே, இப்படி இளைச்சுட்டீங்க?"

"நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல? அதான்!" என்றான் நொறுக்கன்.

பொட்டு ஓடிப்போய் வாய் நிறையத் துவரைக் கொத்தைக் கவ்விக்கொண்டு வந்து அவன் மூக்கருகே போட்டாள். அதுவரை அவ்வளவு கிட்டே அவள் வந்ததே இல்லை. நொறுக்கன் காயும் தண்டுமாக மென்று விழுங்கினான். எலும்பின் ருசி அதில் இல்லைதான். ஆனாலும் அவன் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக எதையும் தின்றதில்லை.

புதிய உணவொன்றை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்வதற்கு முன், அதில் புதிதாகச் சேர்ந்தது என்ன, அதைத் தின்னப்போவது யார் என்று கேட்டுச் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.